பாரிமுனையில் வாங்கிய தமிழ் உலக உருண்டை

மார்ச் கடைசியில் மூக்குக் கண்ணாடி மாற்றப் பாரிமுனைக்குப் போனேன். வரும்போது பஸ்ஸில் மடிமேல் ஓர் உலக உருண்டை இருந்தது. எழுதுபொருள் மொத்தமாக விற்கும் ஒரு சந்துக் கடையில், கணக்குப் பேரேடுகளுக்கும் வரைபடச் சுருள்களுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்தெல்லாம் தமிழ். நார்வே, மடகாஸ்கர், உருகுவே, பசிபிக் பெருங்கடல். விலை 1,150 ரூபாய். பேரம் பேசவே தோன்றவில்லை.

முப்பத்திரண்டு வருடம் தபால் துறையில் வேலை பார்த்தவள் நான். அதில் பதினோரு வருடம் வெளிநாட்டுத் தபால் பிரிவில். அறை அறையாகத் தடுத்த மர அலமாரி முன்னால் நின்றுகொண்டு, கடிதங்களை நாடு நாடாகப் பிரித்துப் போடுவோம். எனக்குப் பூகோளம் கற்றுக்கொடுத்தவை உறைகள்தாம். நாம் பெயரில் தொடங்கி, வீடு, தெரு, ஊர் என்று விரித்துக்கொண்டு போவோம். ஜப்பானியர் தங்கள் எழுத்தில் முகவரி எழுதினால் மாகாணத்தில் தொடங்கி ஆளின் பெயரில் வந்து முடிப்பார்கள். ஒரு மனிதன் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறான் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது என்று அந்த உறைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் பேத்திக்கு இப்போது உறைகள் கிடையாது. நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்காகத்தான் வாங்கினேன்.

உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் சுமார் 425 கிலோமீட்டர். அச்சு 23½ பாகை சரியாகச் சாய்ந்திருக்கிறது. பாகைமானி வைத்துப் பார்த்துவிட்டேன். எழுத்துகள் தெளிவு. கடல் நீலம் கண்ணை உறுத்தவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாடுகளை நிறம் பிரித்துக் காட்டும் உருண்டை இது. அதனால் மலைகள் எல்லாம் நிறத்துக்கு அடியில் போய்விட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காணோம். அதைக் காட்டாமல், ஜூன் மாதம் கேரளத்தில் கொட்டுகிற மழை நமக்கு ஏன் வருவதில்லை, நாம் ஏன் ஐப்பசி கார்த்திகைக்குக் காத்திருக்கிறோம் என்று குழந்தைக்கு எப்படிச் சொல்வது? பழுப்புப் பென்சிலால் நானே ஒரு கோடு இழுத்துவிட்டேன். இரண்டாவது குறை, நிலநடுக்கோட்டில் இரண்டு அரைகளையும் ஒட்டிய இடம் இரண்டு மில்லிமீட்டர் பிசகியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. தரையில் அது 85 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பினால் செங்கல்பட்டைத் தாண்டிவிடலாம். பாவம், விக்டோரியா ஏரி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. எல்லாவற்றிலும் எனக்கு மனம் ஆறாதது மூன்றாவது. தென் சூடான் இல்லை. 2011 ஜூலையில் பிறந்த நாடு. அச்சடித்தவர்கள் பழைய படத்தையே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பேத்தி செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்து மெல்லிய பேனாவால் எல்லை வரைந்து, 'ஜூபா' என்று தலைநகரையும் எழுதினாள். இப்போது அந்த உருண்டையிலேயே அழகான எழுத்து அதுதான்.

இவ்வளவு குறையோடும் இதை வாங்கச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு நூல்தான் காரணம். என் மகன் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறான். 'மாமா வீட்டுக்கு எந்த வழி?' என்று பேத்தி கேட்டாள். சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து, கிழக்கே கடலைத் தாண்டினால் வந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். பூக்கட்டும் நூலை எடுத்துச் சென்னையில் ஒரு நுனி, அங்கே ஒரு நுனி வைத்து இழுத்துப் பிடித்தோம். இறுக இறுக நூல் தானே வடக்கே நகர்ந்தது. இமயமலை, மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று ஏறி இறங்கியது. அளந்தால் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர், அதாவது 14,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவள் விரல் மங்கோலியாவில் நின்றது. 'இங்கே யார் இருக்கிறார்கள் பாட்டி? என்ன சாப்பிடுவார்கள்?'

அந்தக் கேள்விக்கு உருண்டையில் பதில் இல்லை. எனக்குத் தொல்காப்பியம் கைகொடுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் விளைவதும் வாழ்வதும் கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒரு மக்கள் கூட்டத்தைத் தெரிந்துகொள்ள என்னென்ன கேட்க வேண்டும் என்று நம் முன்னோர் பட்டியலே போட்டுத் தந்திருக்கிறார்கள். நான் பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. அறுபத்து மூன்று வயதில்தான் அதன் பயன் தெரிகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டில் எட்டுக் கட்டம் போட்டோம். மங்கோலியாவுக்கு உணவுக் கட்டத்தில் ஆட்டிறைச்சி, புளித்த குதிரைப்பால். விலங்கு குதிரை. தொழில் மேய்ச்சல். யாழ் என்ற கட்டத்தில், முனையில் குதிரைத் தலை செதுக்கிய இரண்டு தந்தி வாத்தியம். புல்வெளிதான் மிகுதி என்பதால் மரக் கட்டத்தைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டோம். எழுதி முடித்துவிட்டு அவள் சொன்னாள்: 'ஆடு மாடு மேய்ப்பது முல்லை நிலம்தானே? அப்படியானால் இவர்களும் முல்லை.' எழுந்து போய் அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கலக்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு நம் ஊர்ப் பக்கம். உணவுக் கட்டத்தில் அவள் முதலில் எழுதியது மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் வழியாக வந்தது என்றதும் நம்பவில்லை. மெக்சிகோவிலிருந்து லிஸ்பன், அங்கிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோவா என்று சிவப்பு நூல் ஒட்டினோம். தக்காளியையும் உருளைக்கிழங்கையும் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24 அன்று மொட்டை மாடிக்குப் போனோம். சென்னை 13 பாகை வடக்கு. கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் வருடத்தில் இரண்டு நாள் நம் உச்சிக்கு வருகிறது. தண்ணீர் நிரப்பிய பித்தளைச் செம்பை நடுவில் வைத்தோம். 12 மணி 7 நிமிடம் இருக்கும். செம்பின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் அடிக்குள்ளேயே போய்விட்டது. கால் சுடுவதைக்கூட மறந்து அவள் செம்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அடுத்தது ஆகஸ்ட் 18. நாட்காட்டியில் வட்டம் போட்டாகிவிட்டது.

வாங்கப் போகிறவர்கள் ஒட்டுப் பிசகாததைக் கேட்டு எடுங்கள்; கடைக்காரர் முகம் சுளிக்காமல் நான்கைந்து உருண்டைகளைப் பிரித்துக் காட்டுகிறார். தாங்கியின் மேல் திருகாணி மூன்றே வாரத்தில் தளர்ந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். 'விடுங்கள் அம்மா' என்று காசு வாங்காமல் வேறு திருகாணி போட்டுக் கொடுத்தார். ஞாயிறு விடுமுறை. பகல் இரண்டு மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது.