உள்வாங்கிய மார்புக் காம்பு: இருபது ரூபாய் சிரிஞ்சும் ஊசித்துளைச் சிகிச்சையும்

காரைக்குடியில் மருந்துக்கடை கவுண்டரில் நாலு ஆம்பளைகள் நிற்கும்போது, "காம்பு உள்ளே போயிருக்கு, அதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. வீட்டுக்குத் திரும்பி, ஆன்லைனில் கண்ணில் பட்டதை வாங்குவதுதான் நடக்கிறது. அப்படிக் கிடைக்கும் உறிஞ்சு கப்பு, சிரிஞ்சு, மதுரையிலோ திருச்சியிலோ போய்ச் செய்துகொள்ளும் ஊசித்துளைச் சிகிச்சை, இந்த மூன்றில் எது யாருக்குத் தேறும் என்று பார்ப்போம்.

எதையும் வாங்குமுன் ஒரு சோதனை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து மெல்ல அழுத்துங்கள். காம்பு எளிதாக வெளியே வந்து சற்று நேரம் நின்றால் முதல் நிலை. வந்தும் விரலை எடுத்தவுடன் உள்ளே ஓடினால் இரண்டாம் நிலை. அசையவே இல்லை என்றால் மூன்றாம் நிலை. அடியில் நார்த்திசு இறுகி, பால் குழாய்களும் குட்டையாகி உள்ளிழுத்துப் பிடித்திருக்கும். 1999-ல் ஹான், ஹாங் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த இந்தப் பிரிப்பைத்தான் சர்ஜன்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பிறவியிலிருந்து இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் புதிதாக உள்ளே போயிருந்தாலோ, கட்டியோ ரத்தக் கசிவோ இருந்தாலோ கப்பு, சிரிஞ்சு எல்லாவற்றையும் ஓரம் வையுங்கள். முதலில் ஸ்கேன், நாற்பது தாண்டியவர்களுக்கு மேமோகிராமும்.

உறிஞ்சு கப்பு பார்க்கத் தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போல இருக்கும். 1990-களில் டக்ளஸ் மெக்ஜார்ஜ் என்ற பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன் வடிவமைத்த 'நிப்லெட்' இதற்கு முன்னோடி. இரவு முழுக்க மாட்டி, மாதக்கணக்கில் விடாமல் செய்தால் முதல் இரண்டு நிலைகளுக்குப் பலன் உண்டு. ஆனால் சித்திரை வெயிலில் கப்புக்குள் வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும், பூஞ்சையும் வரும். அதிகமாக உறிஞ்சவிட்டால் ரத்தக் கொப்புளம். மலிவு கப்புகளில் விளிம்பில் அச்சுப் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

சிரிஞ்சுதான் காசுக்கு மோசமில்லாத சாமான். 1993-ல் கர்நாடகத்தின் தாவணகெரே மருத்துவர்கள் எழுதி வெளியிட்ட முறை இது. காம்பின் அளவுக்கு ஏற்ப 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சு. ஊசி மாட்டும் முனையை அறுத்துவிட்டு, பிஸ்டனை உருவி, அறுத்த பக்கம் வழியாகத் திருப்பிச் செருக வேண்டும். விரல் பிடிக்கும் வழவழப்பான பக்கம்தான் மார்பில் படவேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, அறுத்த விளிம்பால் தோலைக் கீறிக்கொள்கிறார்கள். மெல்ல இழுத்து 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை பிடிக்கவும். வலித்தால் பிஸ்டனைத் தளர்த்தவும். எடுக்கும்போதும் தளர்த்திவிட்டே எடுக்க வேண்டும், வெடுக்கென்று பிடுங்கக்கூடாது. பிள்ளை பெற்றபின், குழந்தையை மார்பில் போடுவதற்குச் சற்று முன் செய்வது நல்லது.

பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்ததுமே எண்ணெய் தடவி உருவிவிடும் வழக்கம் பயன் தராது. கர்ப்ப காலத்தில் காம்பை இழுத்துவிடும் பயிற்சியையும், உள்ளாடைக்குள் காம்பின் மேல் வைக்கும் பிளாஸ்டிக் ஓடுகளையும் சோதித்துப் பார்த்து 1994-ல் வந்த ஆய்வில் தாய்ப்பாலூட்டல் கூடவில்லை. குழந்தை காம்பை மட்டுமல்ல, கருவட்டத்தையும் சேர்த்துத்தான் வாயில் கவ்வுகிறது என்பதை அப்பத்தாக்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

இனி ஊசித்துளைச் சிகிச்சை. லிக்னோகெயின் போட்டு மரத்துப்போகச் செய்து, காம்பில் ஒரு தையல் நூலைக் கோத்து மேலே இழுத்துப் பிடிப்பார்கள். அடிப்பகுதியில் 18-ஆம் எண் ஊசியை நுழைத்து, அதன் கூர்முனையால் உள்ளிழுக்கும் நார்களை மட்டும் அறுப்பார்கள். கத்திக் கீறல் இல்லை. தழும்பு புள்ளி அளவுதான். பிறகு, சுருக்குப்பை வாயை இழுத்துக் கட்டுவது போலக் காம்பின் அடியைச் சுற்றி உள்தையல். இந்தச் சுருக்கில்தான் கைத்திறமை தெரியும். தளர்ந்தால் காம்பு மறுபடி உள்ளே போகும், இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கறுத்துவிடும். மேலே இழுத்த நிலையிலேயே நிற்க, சில நாள் முதல் சில வாரம் வரை ஒரு தாங்கி. பல இடங்களில் அதுவும் வெட்டிய சிரிஞ்சுத் துண்டுதான்!

மூன்றாம் நிலையில் குட்டைக் குழாய்களையும் அறுக்க வேண்டி வரலாம். அறுத்தால் அந்த மார்பில் பாலூட்டுவது சந்தேகம். அதனால் இனியும் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு இது சிபாரிசு இல்லை. தோற்றத்துக்கான சிகிச்சை என்பதால் காப்பீடும் பொதுவாகக் கைகொடுக்காது. முதல் இரண்டு நிலைக்காரர்களுக்கு இவ்வளவு செலவு தேவையா என்பதும் கேள்விதான்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை இரண்டு: குழாய்களை விட்டுவைப்பீர்களா, தாங்கி எத்தனை நாள் இருக்கும். காலையில் செய்துகொண்டு சாயங்காலமே காரைக்குடி பஸ் ஏற வேண்டாம். காம்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே தையலைத் தளர்த்த வேண்டும். அதற்கு நடுராத்திரியில் மறுபடி தொண்ணூறு கிலோமீட்டர் போவதை விட, முதல் இரவு மதுரையிலோ திருச்சியிலோ உறவினர் வீட்டில் தங்குவது மேல்.