பின்னால் எடுக்கக் கற்றுத்தந்த டிரெய்லர் பள்ளி, பாரத்தோடு இறங்கக் கற்றுத்தரவில்லை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் சின்ன வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நான், டிரெய்லர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாளையாறு எல்லைப் பக்கத்தில் உள்ள ஒரு கனரக வாகனப் பயிற்சிப் பள்ளியில் சென்ற ஆண்டு சேர்ந்தேன். கொச்சியின் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்திலிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் வருகிற வண்டிகள் எங்கள் பக்கத்து 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் ஓடுகின்றன, வேலைக்குப் பஞ்சமில்லை. கட்டணம் 18,000 ரூபாய். இருபது வயது நிரம்பி, இலகு ரக உரிமம் வாங்கி ஓராண்டு ஆனவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்; சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

முதல் நான்கு நாட்கள் வண்டியை ஓட்டவே விடவில்லை. இன்ஜின் உள்ள முன்வண்டியையும் அது இழுக்கும் டிரெய்லரையும் கோப்பதும் கழற்றுவதும் மட்டுமே பாடம். முன்வண்டியை மெல்லப் பின்னுக்கு எடுத்து, அதன் முதுகில் உள்ள ஃபிஃப்த் வீல் என்ற இணைப்புத் தட்டின் வாய்க்குள், டிரெய்லரின் அடியில் உள்ள கிங் பின் என்ற இரும்பு முளை ‘டக்’கென்று விழுந்ததும் வேலை முடிந்தது என்று நாங்கள் இறங்கிவிடுவோம். ஆசான் டார்ச் விளக்கைக் கையில் கொடுத்துக் குனிந்து பார்க்கச் சொல்வார். பூட்டின் தாடை பின்னைச் சுற்றி முழுவதும் மூடியிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் லேசாக முன்னே இழுத்தும் பார்க்க வேண்டும். அதன்பின்தான், கழற்றி நிறுத்தும்போது டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் கால்களை ஏற்றலாம். முன்வண்டியிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் சிவப்பு ஏர் குழாய் கழன்றால் டிரெய்லர் சக்கரங்கள் தாமாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும் என்பதை வாயால் மட்டும் சொல்லாமல், நின்ற வண்டியில் குழாயைக் கழற்றியே காட்டினார். நாள்தோறும் காலையில் ஏர் தொட்டியில் தேங்கிய நீரை வடிக்கும் பழக்கமும் அங்கே வந்ததுதான்.

பள்ளியின் உண்மையான பெருமை பின்னோக்கி எடுக்கும் பயிற்சியில் இருக்கிறது. சின்ன வண்டி ஓட்டிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம்: ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும், கொஞ்சம் அதிகமானால் வண்டி கத்திபோல் மடங்கிவிடும். “தம்பி, கையை ஸ்டீயரிங்கின் அடியில் வை, வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து” என்று ஆசான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்றில் அவர் குரல் காதில் விழாது என்பதால் கண்டெய்னர் தகரத்தைக் கம்பால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் நேராக்கு. பதினைந்து முறை தவறினாலும் பதினாறாவது முறைக்கும் அதே பொறுமையோடு நின்ற அவரை நான் மறக்க மாட்டேன்.

குறை இரண்டு உண்டு. இரண்டும் சிறியவை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாட்களுக்குக் குறையக் கூடாது. அதில் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. ஒரே டிரெய்லருக்கு ஐந்து பேர் என்பதால், நான் குறித்து வைத்த கணக்கில் எனக்குக் கிடைத்தது 11 மணி நேரம். பதிவேட்டில் 15 என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் கேட்டபோது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது குறை இன்னும் கவலைக்குரியது. முப்பது நாளும் டிரெய்லர் காலியாகவே ஓடியது. காலி வண்டி மிதித்த இடத்தில் நிற்கும். பாரம் ஏற்றிய வண்டி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். இதை நான் தொப்பூர் கணவாயில், பெங்களூரிலிருந்து பாரத்தோடு சேலம் நோக்கி இறங்கியபோதுதான் அறிந்தேன். பிரேக்கை விட்டு விட்டு மிதித்ததில் லைனிங் கருகும் நெடி கேபினுக்குள் வந்துவிட்டது. அருகில் இருந்த மூத்த ஓட்டுநர் அண்ணன்தான், ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று சொல்லி, வண்டியை ஓரங்கட்டி ஆறவைத்து, சின்ன கியரிலும், இன்ஜின் புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் மெல்ல இறக்கவைத்தார். அவர் இல்லாமல் நான் தனியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

ஆகவே யார்டுக்குள் பின்னால் எடுக்கும் வேலைக்கும், டிரெய்லரைக் கோத்துக் கழற்றும் வேலைக்கும் இந்தப் பள்ளியைத் தயங்காமல் சொல்வேன். சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், பாரம் ஏற்றி எத்தனை மணி நேரம் ஓட்டத் தருவார்கள் என்ற இரண்டையும் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.