விளக்கு எரிந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றுபவர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். எர்த் என்பது, கருவிகளின் உலோக உடம்பில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் இணைப்பு. அந்த எர்த் குழிக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு, பெயருக்கு ஒரு பைப்பை நட்டுவிட்டு, நல்ல எர்த் இருப்பதுபோல எல்லாச் சோதனையையும் செய்து காட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்த வேலை என் அம்மாவின் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். மண்ணைத் தோண்டினால் இரண்டடியில் பாறை தட்டும். புது வீட்டின் மொத்த மின் வேலையையும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தோம். ரசீதில் ‘கெமிக்கல் எர்த், 3 மீட்டர், 2 எண்கள்’ என்று எழுதி, அதற்கு மட்டும் 17,500 ரூபாய் வாங்கினார். வேலை முடிந்த அன்று மீட்டர் பலகை அருகே எங்களை நிற்க வைத்து மூன்று சோதனைகள் செய்தார். டெஸ்ட் லாம்பின் (இரண்டு ஒயர் மாட்டிய சோதனை பல்பு) ஒரு முனையைப் பேஸிலும் (மின்சாரம் வரும் கம்பி) மறு முனையை எர்த்திலும் வைத்தார்; குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. ஹாலில் உள்ள பிளக்கில் அதையே செய்தார். உடனே ஆர்சிசிபி, அதாவது போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லாவிட்டால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்தது. பிறகு ஆர்சிசிபியில் இருக்கும் ‘டி’ பொத்தானை அழுத்தினார், அதற்கும் விழுந்தது. “எர்த் அருமையாக இருக்கிறது அண்ணா, இரண்டு ஓம்தான்” என்றார். ஓம் என்பது மின்தடையின் அளவு; எர்த்துக்கு அது குறையக் குறைய நல்லது. சோதனை அறிக்கையிலும் 2 ஓம் என்றே எழுதிக் கையெழுத்துடன் கொடுத்தார்.

ஆடிக் காற்றில் ஒருநாள் மாலை விளக்குகள் திடீரென்று மங்கின. மின்விசிறி சுற்ற முடியாமல் சுற்றியது. வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று நினைத்து அம்மா பிரிட்ஜை அணைக்கப் போனார். கைப்பிடியைத் தொட்டதும் அவரை உதறித் தள்ளியது. விழுந்த இடத்தில் அவர் கை பிரிட்ஜை விட்டு விலகியதால் பிழைத்தார். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஆர்சிசிபி விழவே இல்லை. அதன் நெம்பு மேலேயே நின்றது. இரண்டு விரல் நுனிகளில் தீக்காயம். இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமனையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

வந்து பார்த்த லைன்மேன், கம்பத்தில் எங்கள் சர்வீஸ் ஒயரின் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) இணைப்பு கழன்று தொங்குகிறது என்றார். சரிசெய்து கொடுத்தார். ஆனால் வெளியே நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் விளக்கு அணைய வேண்டுமே தவிர, பிரிட்ஜின் உடம்பில் மின்சாரம் ஏறக் கூடாது. அது எப்படி ஏறியது என்று கண்டுபிடித்தவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா.

அவர் எடுத்துவந்தது கையால் சுற்றும் எர்த் மெக்கர், அதாவது எர்த் எத்தனை ஓம் என்று அளக்கும் கருவி. முதலில் மெயினை அணைத்தார். குழியின் மூடியைத் திறந்து, வீட்டுக்குள் போகும் எர்த் கம்பியை பைப்பிலிருந்து கழற்றித் தனியாக விட்டார். பைப்பிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி ஓர் இரும்பு முளையும், இடையில் பாதிக்குச் சற்று அப்பால் இன்னொரு முளையும் அடித்து, மூன்றையும் கருவியில் இணைத்துச் சுற்றினார். நடு முளையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி அடித்து மறுபடியும் பார்த்தார். மூன்று முறையும் முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றால்தான் அளவு சரி என்றார். நின்ற இடம் 190 ஓம்.

கம்பியைக் குழியில் கழற்றிய நிலையிலேயே வைத்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லாப் பிளக்குகளையும் உருவச் சொன்னார். மெயினைப் போட்டு, மீட்டர் பலகையில் பேஸுக்கும், வீட்டின் எர்த் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் எர்த் கட்டைக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை வைத்தார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

“கண்ணு, எர்த் கம்பி குழியில் அவிழ்ந்து கிடக்கிறது. அப்படியிருந்தும் பல்பு எரிகிறது என்றால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது?” என்று கேட்டார். மறுபடியும் மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினார். பின்பக்கம், நியூட்ரல் கட்டையிலிருந்து எர்த் கட்டைக்கு ஒரு சாண் நீளத்தில் ஒரு பச்சைக் கம்பி. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாதபடி கறுப்பு டேப் சுற்றி, கட்டைக்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்தது.

ஏமாற்று முழுவதும் அந்த ஒரு சாண் கம்பிதான். அது இருக்கும்வரை எங்களுக்குக் காட்டிய எல்லாச் சோதனைகளும் தேறும். பேஸிலிருந்து பல்பு வழியாக எர்த்துக்குப் போன மின்சாரம் மண்ணுக்குப் போகாமல் நியூட்ரலில் ஏறித் திரும்பிவிடுகிறது, பல்பு எரிகிறது. இணைப்பு ஆர்சிசிபிக்கு முன்னால் இருப்பதால், பிளக்கில் சோதிக்கும்போது திரும்பும் மின்சாரம் ஆர்சிசிபியைத் தாண்டி வேறு வழியில் போகிறது. அதனால் அது விழுகிறது. ‘டி’ பொத்தானோ எர்த்தைத் தொடுவதே இல்லை. உள்ளேயிருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஓடும் சோதனை அது. எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும். கடைகளில் விற்கும் மூன்று விளக்கு பிளக் டெஸ்டரும் இந்த வீட்டில் எல்லாம் சரி என்றே காட்டும்.

வெளியே நியூட்ரல் அறுந்த நொடியில் நிலைமை தலைகீழாகிறது. பேஸிலிருந்து விளக்கு, விசிறி, பிரிட்ஜ் மோட்டார் வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியின்றி, அந்தப் பச்சைக் கம்பி வழியாக எர்த் கட்டைக்கு வந்து, அங்கிருந்து எர்த் கம்பி போகும் ஒவ்வொரு உலோக உடம்பிலும் ஏறி நிற்கிறது. 190 ஓம் பைப் அதை மண்ணுக்குள் இழுத்துவிடும் நிலையில் இல்லை. இதில் எனக்கு மிகவும் அச்சம் தந்தது என்னவென்றால், அம்மாவின் உடல் வழியாக ஓடிய மின்சாரம் ஆர்சிசிபிக்குள் பேஸில் போய் நியூட்ரலில் திரும்பிய பிறகுதான் வெளியேறியது. போனதும் வந்ததும் சமம் என்பதால், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே விழும் ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியவில்லை. எர்த் கம்பியே இல்லாமல் இருந்திருந்தால்கூட அம்மாவுக்கு அன்று ஷாக் அடித்திருக்காது.

குழியைத் தோண்டினோம். 3 மீட்டர் என்று ரசீதில் இருந்த பைப் இரண்டடிகூட இல்லை. கீழ் முனையில் ரம்பப் பல்லின் தடம் புதிதாக அறுத்ததுபோல அப்படியே இருந்தது. இரண்டாவது குழியில் சிமெண்ட் தொட்டி, மூடி, உள்ளே மணல். பைப்பே இல்லை.

ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். “பாறை தட்டிவிட்டது அண்ணா, எங்கே இறக்குவது? டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றுதானே” என்றார். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலுக்கு எர்த் உண்டு என்பது உண்மை. ஆனால் அங்கிருந்து நம் வீட்டுக்கு வரும் கம்பி காற்றிலும் மழையிலும் கம்பங்களில் தொங்குகிறது. அது அறுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நாங்கள் பார்த்தோம். சில நாடுகளில் மின் நிறுவனமே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துத் தருவதுண்டு. அங்கே வழியெங்கும் பல இடங்களில் நியூட்ரலுக்கு எர்த் கொடுத்து, வீட்டில் உள்ள உலோகக் குழாய்களையும் ஒன்றாகப் பிணைத்து, கணக்கிட்டுச் செய்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருவது பேஸும் நியூட்ரலும் மட்டும். எர்த் என்பது நம் மண்ணில் நாம் போடுவதுதான்.

பாறை நிலத்தில் எர்த் போடுவது கடினம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வழி இருக்கிறது. ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தரநிலை பைப் எர்த்துக்குக் குறைந்தது 2.5 மீட்டர் நீளம் கேட்கிறது, கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் இப்போது துளை போடும் இயந்திரத்தால் பாறையைத் துளைத்து மூன்று இடங்களில் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் நிரப்பி, மூன்றையும் இணைத்திருக்கிறோம். ஒரு பைப்புக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஆறு மீட்டர் இடைவெளி. நெருக்கமாக நட்டால் மூன்று போட்டும் பலன் குறைவு. அளவு 9 ஓம் வந்தது.

வீடுகளுக்கு 5 ஓமுக்குள் கேட்பது வழக்கமாயிற்றே என்று பெரியப்பாவிடம் கவலைப்பட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பேஸ் ஒரு கருவியின் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால் எர்த் வழியாக ஓடுவது, 230 வோல்ட்டை 9 ஓமால் வகுத்தால், 25 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அணையும் சுவிட்ச்) அதற்கு உடனே விழாது. 5 ஓமாக இருந்தாலும் 46 ஆம்பியர்தான். கூடுதல் மின்சாரத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும் ‘சி’ வகை எம்சிபி அதற்கும் நொடியில் விழாது. ஆகவே நம் மாதிரி வீடுகளில் எர்த் கசிவில் உயிரைக் காப்பது ஆர்சிசிபிதான். 30 மில்லி ஆம்பியருக்கு அது விழுவதற்குள் உலோக உடம்பில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் இருக்க, எர்த் 1,600 ஓம்வரை இருந்தாலும் கணக்குப்படி போதும். அப்படியானால் அந்த 190 ஓம் பைப்பைக்கூட, நியூட்ரலோடு இணைக்காமல் நேர்மையாக விட்டிருந்தால், ஆர்சிசிபி எங்களைக் காத்திருக்கும். இதை அறிந்தபோதுதான் எனக்குக் கோபம் தாங்கவில்லை.

எனவே கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், எர்த் கம்பியைக் குழியில் கழற்றிவிட்டு, எர்த் மெக்கரால் உங்கள் கண் முன்னே அளக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் லாம்பைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளக்கும் முன் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவும் விடாதீர்கள். ஈரத்தில் அளவு குறைந்து காட்டும். முடிந்தால் கோடையில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பைப்பை இறக்கும்போது கூடவே நின்று நீளத்தைப் படம் எடுங்கள். மெயினை அணைத்து, பிளக்குகளை உருவிய பிறகு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். மெயினுக்கு முன்னாலும் பின்னாலும், மீட்டர் பலகையின் பின்பக்கமும் பார்க்க வேண்டும். இவை உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலைகள். நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள்.

உரிமம் என்றதும் இன்னொன்று. எங்கள் அறிக்கையில் இருந்த கையெழுத்தும் உரிம எண்ணும் வேறொருவருடையவை. அவர் எங்கள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அந்த ஆள்தான் வேலை செய்கிறாரா என்று பாருங்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, சோதனை அறிக்கை, அறுத்த பைப், பச்சைக் கம்பி எதையும் தூக்கி எறியாதீர்கள். எங்கள் தெருவில் அதே ஆள் வேலை செய்த மற்ற வீடுகளையும் பெரியப்பா பார்த்து வருகிறார். அடுத்த வீட்டு மீட்டர் பலகையின் பின்னாலும் அதே கம்பி இருந்தது.