துறைமுகத்தில் டீசல் கொட்டினால்: மிதவைத் தடுப்பா, உறிஞ்சு துணியா, சோப்புத் தண்ணீரா?

காசிமேடு போன்ற விசைப்படகுத் துறைமுகங்களில் எண்ணெய் கலப்பதற்குக் கப்பல் விபத்து தேவையில்லை. டீசல் பிடிக்கும்போது டேங்க் வழிந்தாலே போதும். இன்ஜின் அடியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரைத் தானியங்கி பம்ப் வெளியே தள்ளினாலும் போதும். முதலில் குழாயை மூடி, பம்ப் சுவிட்சை அணைக்க வேண்டும். வெறும் 20 லிட்டர் டீசல், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் பரவினால் ஏறத்தாழ ஐந்து ஏக்கர் தண்ணீரை மூடிவிடும். அந்த அளவுக்குப் பரவியதை யாராலும் அள்ள முடியாது.

அதனால் எங்கள் முதல் ஓட்டு பூம் எனப்படும் மிதவைத் தடுப்புக்கு. இது எண்ணெயை எடுக்காது. ஓரிடத்தில் தடிக்க வைக்கும். கொட்டிய இடத்துக்கு ஓடுவதைவிடக் காற்று தள்ளும் மூலையை மறிப்பது நல்லது. காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீத வேகத்தில் எண்ணெய் நகரும்: மணிக்கு 20 கி.மீ. காற்றென்றால் மணிக்கு 600 மீட்டர். நீரோட்டம் இருந்தால் அதுவும் சேரும். ஓட்டம் விநாடிக்கு 35 செ.மீ.யைத் தாண்டும் இடத்தில் பூமைக் குறுக்கே கட்டினால் எண்ணெய் அடியில் நுழைந்து போய்விடும். சாய்வாகக் கட்டி ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது முனைகளில்தான். கருங்கல் கரையில் பூம் ஒட்டாது, இடுக்கு வழியே கசியும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் வற்றத்தில், அதாவது நீர்மட்டம் இறங்கும்போது, பூம் தொங்கிவிடும். அவசரத்துக்கு மூங்கிலில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, மேலே வலை மிதவையும் கீழே ஈயக்குண்டும் கட்டலாம். அலையில்லாத துறைமுகத் தொட்டியில் (படகுகள் நிற்கும் நீர்ப்பகுதியில்) இது தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது உறிஞ்சு துணி. வெள்ளை நிற பாலிபுரொப்பிலீன்தான் வாங்க வேண்டும்; அது தண்ணீரை விலக்கி, தன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேல் எண்ணெய் குடிக்கும். சாம்பல் நிறத் துணி தண்ணீரையும் குடிக்கும், கடலில் பயனில்லை. உறிஞ்சு பொருளால் ஆன நீண்ட குழலை மட்டும் நம்பி வளைத்துக் கட்டுவது வீண், பூமுக்கு இருப்பதுபோல் நீருக்குள் தொங்கும் திரை அதற்குக் கிடையாது. பூமின் உட்புறத்தில் போட்டால்தான் பலன். மரத்தூளை மறந்துவிடுங்கள்: ஊறி அமிழும், எண்ணெயையும் அடியில் கொண்டுபோகும்.

மேலே மிதக்கும் எண்ணெயை இழுத்தெடுக்கும் ஸ்கிம்மர் இயந்திரம் சிறிய துறைமுகத்துக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. மெல்லிய படலத்தில் அது தண்ணீரைத்தான் இழுக்கும். பாலித்தீன் பையும் வலைத்துண்டும் வாயை அடைக்கும். கெட்டியான எண்ணெய்க்கு உதவும் என்றும் நம்ப முடியாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபின் கரை சேர்ந்த கசடை உறிஞ்ச பம்புகள் திணறின, கடைசியில் வாளிதான் கைகொடுத்தது.

சோப்புத் தண்ணீர் எல்லாவற்றிலும் மோசம். படலம் மறைவதால் சுத்தமானதுபோல் தெரியும். எண்ணெய் துளியாகி மீன்குஞ்சுகள் இருக்கும் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அதற்குப்பின் உறிஞ்சு துணியும் சரியாகப் பிடிக்காது. எண்ணெய் சிதறடிக்கும் ரசாயனத்துக்கும் இங்கே இடமில்லை. ஆழமில்லாத தொட்டியில் அது நீர்த்துப்போகாது. கடலோரக் காவல்படையின் அனுமதியின்றித் தெளிக்கவும் கூடாது.

பெட்ரோல் மட்டும் விதிவிலக்கு. அதைப் பூம் போட்டுச் சேர்த்தால் ஆவியும் சேரும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி படகின் அடித்தளத்தில் போய் நிற்கும். இன்ஜினைத் தொடாமல், படகில் எரியும் அடுப்பை அணைத்து, ஆட்களை விலக்கி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டு ஆவியாக விடுவதே வழி.

எண்ணெய் குடித்த துணியைக் குப்பைத்தொட்டியில் போடாமல், மூடியுள்ள டிரம்மில் நிழலில் வைத்து, அபாயக் கழிவை எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும்.