எண்ணம் இருந்தும் ஏன் செய்வதில்லை? மூன்று கோட்பாடுகளை உரசிப் பார்ப்போம்

1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பியது. காசு கிடையாது, அலைச்சலும் கிடையாது, அப்படியும் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று காட்ஃப்ரி ஹாக்பாம், இர்வின் ரோசன்ஸ்டாக் போன்ற உளவியலாளர்கள் துருவியதில் பிறந்ததுதான் ‘ஆரோக்கிய நம்பிக்கை மாதிரி’ (Health Belief Model) என்ற கோட்பாடு. இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், பரிசோதனையால் என்ன பலன், அதில் என்ன இடைஞ்சல் என்று மனிதர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்பது அதன் வாதம்.

1984ல் ஜான்ஸ், பெக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த நான்கில் நடத்தையோடு அதிகம் ஒத்துப்போனது இடைஞ்சல்தான். பயமுறுத்தும் படங்களை மட்டும் நம்பிப் பிரசாரம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பேன்.

ஆனால் இந்த மாதிரியில் மனிதர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், சுற்றி யாருமே இல்லை. உளவியலாளர் ஐசக் அய்சனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு அந்தக் குறையை நிரப்புகிறது. மார்ட்டின் ஃபிஷ்பைனோடு சேர்ந்து அவர் முன்பு உருவாக்கிய கோட்பாட்டில் இரண்டு விஷயங்கள் இருந்தன: அந்தச் செயலைப் பற்றி நம் மனப்பான்மை, நமக்கு வேண்டியவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதாக நாம் நினைப்பது. 1985ல் மூன்றாவதாக ‘என்னால் முடியுமா’ என்பதைச் சேர்த்தார். மூன்றும் சேர்ந்து ‘செய்ய வேண்டும்’ என்ற எண்ணத்தை உருவாக்கும், எண்ணம் செயலாகும். சிகரெட்டை விட நினைப்பவருக்கு அந்த மூன்றாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்று சொல்லவே வேண்டாம். 185 ஆய்வுகளைத் தொகுத்த ஆர்மிடேஜும் கானரும் 2001ல் சொன்னது: எண்ணத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 39 சதவீதத்தை இது விளக்குகிறது, நடத்தையில் 27 சதவீதத்தை. உளவியலில் இது நல்ல எண்தான், ஆனால் முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் விழும் பள்ளத்தைப் பாருங்கள்.

அந்தப் பள்ளத்தை நேராகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. மில்ன், ஆர்பெல், ஷீரன் மூவரும் 2002ல் வெளியிட்டது. 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னார்கள், அவர்களின் எண்ணமும் வலுத்தது. ஆனால் அடுத்த வாரம் பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம், எதுவும் சொல்லப்படாத குழுவில் 38. மூன்றாவது குழுவிடம் அதே தகவலோடு ‘எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே’ என்றும் எழுதி வாங்கினார்கள். 91 சதவீதம் பேர் செய்தார்கள்! மாணவர்கள் தாங்களே சொன்ன கணக்கு, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம், ஆனாலும் வித்தியாசம் சின்னதல்ல.

மூன்றாவது கோட்பாடான, உளவியலாளர் ரால்ஃப் ஷ்வார்ட்சரின் சுகாதாரச் செயல்முறை அணுகுமுறை இந்த இடத்தில்தான் மற்ற இரண்டையும் முந்துகிறது. எண்ணம் பிறக்கும் வரை ஒரு கட்டம், பிறந்த பிறகு இன்னொரு கட்டம் என்று பிரித்து, இரண்டாவதில் எப்போது எங்கே எப்படி என்ற செயல்திட்டத்தையும், தடங்கல் வந்தால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டத்தையும் வைக்கிறது. நடுவில் விட்டுப்போனால் திரும்பத் தொடங்க முடியும் என்ற நம்பிக்கைக்கும் அதில் தனி இடம் உண்டு. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும், மற்ற இரண்டிலும் தவறி விழுந்தவருக்கு இடமே இல்லை.

சரி, எதை எடுப்பது? தடுப்பூசியே வேண்டாம் என்பவரிடம் நேரம் குறிக்கச் சொல்லிப் பயனில்லை, அங்கே அய்சனின் கேள்விகள் வேண்டும்: யார் சொன்னால் கேட்பார், எதை நம்புகிறார்? ரத்த அழுத்த மாத்திரையைப் போட வேண்டும் என்று மனதார நினைத்தும் வாரத்தில் மூன்று நாள் மறப்பவரிடம் பக்கவாதத்தைப் பற்றி மறுபடி பேசாதீர்கள். ‘காலையில் பல் துலக்கியதும்’ என்று ஒரு சீட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள், மாத்திரை அட்டையைப் பிரஷ் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் வெளியூர் போகும் நாளில் அட்டை எந்தப் பையில் இருக்கும் என்றும் கேளுங்கள்.