ஃப்ளாஷ் மின்னுகிறது என்பதற்காகக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

பினாங்கில் மிரர்லெஸ் கேமராவுக்குச் சின்ன ஃப்ளாஷ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கேனன் கேமராவுக்கான ஃப்ளாஷை, ஃபூஜிஃபில்முக்கானது என்று சொல்லி, பெட்டியில் வேறு ஸ்டிக்கர் ஒட்டி என்னிடம் விற்றிருக்கிறார்கள். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் ஏமாற்றிய விதம் தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் நீங்கள் சிக்க மாட்டீர்கள்.

என்னிடம் இருப்பது ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி5. அதில் கேமராவோடு சேர்ந்த ஃப்ளாஷ் கிடையாது. பெரிய ஃப்ளாஷ் மாட்டினால் கையில் நிற்காது. அதனால் கோடாக்ஸ் டிடி350 என்ற சின்ன ஃப்ளாஷை வாங்குவதென்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். இரண்டு டபுள் ஏ பேட்டரி, 200 கிராம் எடை, தலையை மேலே தூக்கலாம், பக்கத்தில் திருப்பலாம், கூரையில் அடித்து வெளிச்சத்தை இதமாக்கலாம். இந்த அளவில் அது நல்ல சாமான்தான். இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் டிடி350 என்பது ஒரே ஃப்ளாஷ் அல்ல. பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும். சி என்றால் கேனன், என் என்றால் நிக்கான், எஸ் என்றால் சோனி, எஃப் என்றால் ஃபூஜிஃபில்ம், ஓ என்றால் ஒலிம்பஸும் பானசோனிக்கும். விற்றவர் நம்ம தமிழ்த் தம்பிதான். எனக்கு எஃப் வேண்டும், டிடிஎல் (வெளிச்ச அளவைக் கேமராவே கணக்குப் பார்த்து ஃப்ளாஷுக்குச் சொல்வது) வேலை செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். “இது ஃபூஜிக்குத்தாண்ணே. டிடிஎல், ஹைஸ்பீட் எல்லாம் வரும். ஒரிஜினல் மலேசியா செட், ஏபி செட் இல்ல” என்றார். ஏபி செட் என்றால் கம்பெனியின் உள்ளூர் விநியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதிச் சரக்கு. பெட்டியிலும் எஃப் என்றுதான் ஒட்டியிருந்தது. என் கேமராவை வாங்கி, அவரே ஃப்ளாஷை மாட்டி, ஷட்டரை அழுத்திக் காட்டினார். பளிச்சென்று அடித்தது. “பாத்தீங்களா?” என்றார். 300 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கி வந்தேன்.

அந்தப் ‘பளிச்’சில்தான் முழு ஏமாற்றும் இருக்கிறது. கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில், நடுவில் ஒரு பெரிய தொடுபுள்ளி இருக்கும். ‘இப்போது அடி’ என்று ஃப்ளாஷுக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அது பெரும்பாலான கேமராக்களில் ஒரே இடத்தில் இருப்பதால், எந்தக் கம்பெனி ஃப்ளாஷை மாட்டினாலும் மின்னும். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமரா கணக்குப் பார்த்துச் சொல்வது சுற்றியிருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள் வழியாக. அவை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிடிஎல் என்றால், படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் ஃப்ளாஷ் லேசாக ஒருமுறை மின்னும், திரும்பி வரும் வெளிச்சத்தை லென்ஸ் வழியாகக் கேமரா அளந்து அளவைச் சொல்லும். ஷட்டர் வேகம் எக்ஸ்-டி5இல் 1/250 விநாடிக்கு மேலே போனால் தேவைப்படும் ஹைஸ்பீட் சிங்கும் அதே வழியில்தான் நடக்க வேண்டும். பேச்சு புரியாத ஃப்ளாஷ் சும்மா மின்னும், அவ்வளவுதான்.

அக்கா மகளின் நிச்சயதார்த்தம் பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில். கிட்டப் போய் எடுத்தால் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்தது. மேனுவலுக்கு மாற்றி, ஆள் நகர நகரக் கையால் அளவைக் கூட்டிக் குறைத்துச் சில படங்களைக் காப்பாற்றினேன். மோதிரம் போட்டதும், பாட்டி திருநீறு பூசிவிட்டதும் போனது போனதுதான். அந்தப் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காசை விட எனக்கு இதுதான் ஆறவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனால், முதலில் கேமரா சைலண்ட் மோடில் இருக்கும் என்றார்கள். ஃபூஜியில் அந்த மோடில் ஃப்ளாஷ் அடிக்கவே அடிக்காது. எனக்கு அடிக்கிறதே! அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணச் சொன்னார்கள். பண்ணியும் பிரயோஜனமில்லை. கடைசியில் என் கேமராவில்தான் கோளாறு என்றார்கள். கேமராவின் ஃப்ளாஷ் மெனுவைத் திறந்து காட்டினேன். பேசத் தெரிந்த ஃப்ளாஷாக இருந்தால் அங்கே டிடிஎல் வர வேண்டும். எனக்கு வந்ததோ மேனுவலும் ஆஃபும் மட்டும்தான். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம் என்று ஒரு நண்பரின் பழைய கேனன் 80டியில் அதே ஃப்ளாஷை மாட்டினோம். உடனே டிடிஎல் வேலை செய்தது. பிறகு பெட்டியிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் சி. தற்செயலாகச் சாமான் மாறிவிட்டது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. விற்காமல் தங்கிப்போன கேனன் சரக்கைத் தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இதைக் காட்டியபோது சுவரில் மாட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ பலகையைக் கை காட்டினார்கள். அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, என்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும், சொன்ன விவரப்படியும் இருக்க வேண்டும். ஒரு பலகையை மாட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ‘போரங் 1’ (படிவம் 1) நிரப்பிக் கொடுக்க 5 ரிங்கிட்தான் கட்டணம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. பினாங்கில் இருப்பவர்களுக்குப் பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது. நான் மனுப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது. மனுவைத் திரும்பப் பெற்றால் பாதிப் பணம் தருவார்களாம். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வாங்கும்போது உங்கள் கேமராவிலேயே மாட்டி, மெனுவில் டிடிஎல் வருகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்திலிருந்து லென்ஸ் திறப்பை (அபர்ச்சர்) எஃப்4இலும் எஃப்8இலும் வைத்துப் படம் எடுங்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கக் கூடாது. இரண்டிலும் முகத்தில் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் டிடிஎல் நிஜமாகவே வேலை செய்கிறது. ரசீதில் வெறும் ‘ஃப்ளாஷ் 1’ என்று எழுத விடாதீர்கள், மாடலைக் கடைசி எழுத்தோடு எழுதச் சொல்லுங்கள். என் கையில் இன்று சாட்சி இருப்பது ரசீதில் டிடி350எஃப் என்று எழுதியிருப்பதால்தான்.

சோனிக்காரர்களுக்கு இந்த ஏமாற்று சுலபமாகத் தெரிந்துவிடும். 2012இலிருந்து வரும் அவர்களுடைய அமைப்பில் சின்னப் புள்ளிகள் முன்பக்க விளிம்புக்கு அடியில் வரிசையாக இருக்கும். கேனன்காரர்கள் ஒரே கம்பெனிதானே என்று இருந்துவிட வேண்டாம். அவர்களுடைய ஆர்50 கேமராவில் பழைய புள்ளிகளே இல்லை, பழைய கேனன் ஃப்ளாஷுக்குத் தனி அடாப்டர் வேண்டும். லோரோங் கூலிட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஃபிலிம் காலத்து ஃப்ளாஷைப் புதுக் கேமராவில் மாட்டவே மாட்டாதீர்கள். சிலவற்றின் தொடுபுள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கேமரா போய்விடும்.

அண்மையில் ஜார்ஜ்டவுனில் டிடி350எஃப் வாங்கியவர்கள் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். எழுத்து இருக்கும் ஸ்டிக்கரின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடியில் வேறு எழுத்து இருந்தால் உரிப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். விசாரணைக்குப் போகும்போது என்னோடு இன்னும் சிலர் இருந்தால் நல்லது.