முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, இ.எஸ்.ஐ. எதற்கு?

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் வீண் என்று நினைக்கும் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

செலவு
காப்பீட்டு அட்டை: இலவசம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.
இ.எஸ்.ஐ.: மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. பிடித்தம் 0.75 சதவீதம், 15,000 வாங்கினால் 113 ரூபாய். முதலாளி தருவது 3.25 சதவீதம்.

சிகிச்சை
அட்டை: பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சாதாரணக் காய்ச்சலுக்கு உதவாது.
இ.எஸ்.ஐ.: புறநோயாளி மருந்து மாத்திரையும் உண்டு.

சம்பள இழப்பு
அட்டை: ஒன்றுமில்லை.
இ.எஸ்.ஐ.: பலர் கேட்காமலே விடுவது இதைத்தான். நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம். பிரசவத்துக்கு 26 வாரம் முழு ஊதியம். ஆனால் நோய்க்காலப் பணத்துக்கு, உரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் (சந்தா கணக்கிடும் அரையாண்டில்) 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். தனியார் டாக்டர் சீட்டோடு போனால் இழுத்தடிப்புதான், இ.எஸ்.ஐ. மருந்தகச் சான்றிதழ் வாங்குங்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லாத தினக்கூலி, சொந்தத் தொழில் என்றால் அட்டைதான் வழி: கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். பிடித்தம் நடப்பவர்கள் இ.எஸ்.ஐ.யில் குடும்பத்தார் பெயர்கள் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.